மூன்று அங்குலம்

புதுச்சேரியில் எந்த வீதி எத்தனை அடி அகலம் என்று ஆபீசில் போய்க் கேட்டால் கோப்பைத் தேடுவார்கள். பலராமனைக் கேட்டால் நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். இந்த வீதியில் வண்டி நேராக நுழையும், அந்த வீதியில் பின்பக்கமாகத்தான் விட வேண்டும், இன்னொன்றில் சைக்கிளைத் தவிர எதுவும் போகாது, அங்கே தீப்பிடித்தால் கடவுள்தான் வர வேண்டும் என்பார். தீயணைப்பு வண்டியை இருபத்துமூன்று வருஷமாக ஓட்டுகிற மனிதர். கல்யாணத்துக்குப் போனால் மற்றவர்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பார்கள். இவர் மண்டபத்து வாசலில் நின்றுகொண்டு வண்டி உள்ளே வருமா என்று பார்ப்பார். அவர் மனைவி அன்னக்கிளிக்கு இதனால் எத்தனையோ முறை மானம் போயிருக்கிறது.

சொந்த ஊர் பாகூர் பக்கம். அப்பா நெல்லும் கரும்பும் போட்டார். பலராமன் வயலில் இறங்கியதைவிட லாரியில் ஏறியதுதான் அதிகம். கரும்பு லோடு ஏற்றிக்கொண்டு ஆலை வாசலில் வரிசையில் நின்று நின்றே, ஒரு வண்டியின் மூக்கும் வாலும் எங்கே இருக்கின்றன என்பது உடம்பில் ஊறிப்போனது. இருபத்தெட்டு வயதில் தீயணைப்பில் டிரைவர் வேலை கிடைத்தது. அன்னக்கிளியைக் கட்டினார், விக்ரம் பிறந்தான், முத்தியால்பேட்டை சாயக்காரர் வீதியில் முனையிலிருந்து இரண்டாவது வீட்டை வாங்கிக் குடிவந்தார்கள். வாங்குவதற்கு முன்னால் வீட்டை அளந்தாரோ இல்லையோ, வீதியை அளந்துவிட்டார். பதினாலு அடி.

கார் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. எப்படி ஆகும், தினம் தினம் அதனோடுதானே மல்லுக்கட்டு. நெருப்பை அணைப்பது ஒரு வேலையே இல்லை, நெருப்பின் பக்கத்தில் போய்ச் சேர்வதுதான் வேலை என்று அடிக்கடி சொல்வார். சனி, ஞாயிறு வந்தால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற கார்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைத்துக்கொள்ளும். சரி, அவர்கள் விருந்தாளிகள், திங்கட்கிழமை போய்விடுவார்கள். உள்ளூர்க்காரர்கள் எங்கே போவார்கள்? லாஸ்பேட்டையில் ஸ்கூட்டரில் ஆபீஸ் போய்க்கொண்டிருந்த குமாஸ்தாக்கள் எல்லாம் கார் வாங்கிவிட்டார்கள். வீட்டுக்குள் கட்டில் போட இடமில்லாதவன்கூடக் கார் வாங்கித் தெருவில் நிறுத்துகிறான், தெரு என்ன அவன் அப்பன் வீட்டுச் சொத்தா என்று பலராமன் கத்துவார். சைரன் அலறினாலும் எந்தக் காரும் ஒதுங்காது, ஒதுங்க இடமிருந்தால்தானே. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவர் திட்டுகிற திட்டைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. பக்கத்து சீட்டில் வரும் முகிலன் என்கிற தீயணைப்பு வீரர் அதையெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகிப்போனவர்.

அப்பேர்ப்பட்ட மனிதர் கார் வாங்கினார். சிரிக்காதீர்கள். அன்னக்கிளிக்கு இடுப்பில் எலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் ஸ்கூட்டரில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் ஏற முடியவில்லை. ஆட்டோவில் போனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஐயோ ஐயோ என்கிறாள். கட்டிய மனைவி வலியில் துடிக்கும்போது கொள்கையைக் கட்டிக்கொண்டு அழ முடியுமா? ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்ன வெள்ளைக் கார் வீட்டு வாசலுக்கு வந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு நோணாங்குப்பம் படகுத்துறைக்குப் போனார்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஏசி சிலுசிலுவென்று வருகிறது, அன்னக்கிளி வலியில்லாமல் சாய்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டு வருகிறாள். பலராமனுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஊரே எதற்காக இந்தச் சனியனைக் கட்டிக்கொண்டு அழுகிறது என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

புரிந்து என்ன, நிறுத்த இடம் வேண்டுமே. வீட்டில் இடமில்லை. எல்லாரையும் போல வீதியில்தான் நிறுத்த வேண்டும். ஆனால் எல்லாரையும் போல நிறுத்த அவர் மனசு ஒப்பவில்லை. டேப்பை எடுத்தார். வீதி பதினாலு அடி. கார் ஐந்தரை அடி. மிச்சம் எட்டரை. அவர் ஓட்டுகிற தீயணைப்பு வண்டி இரண்டு பக்கத்துக் கண்ணாடியையும் சேர்த்து எட்டடி. அரை அடி மிச்சத்தில் தாராளமாகப் போய்விடும். உடனே ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட் வாங்கிவந்து, வடக்குப் பக்கச் சாக்கடை ஓரத்திலிருந்து ஐந்தரை அடியில் முனையிலிருந்து கடைசி வரைக்கும் ஒரு கோடு போட்டார். இந்தக் கோட்டைத் தாண்டி யார் வண்டியும் நிற்கக் கூடாது, தாண்டினால் தீயணைப்பு வண்டி வர முடியாது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார், அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் வீதிக்காரர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். கோட்டைத் தாண்டக் கூடாது என்றால், கோட்டுக்குள் நிறுத்தலாம் என்றுதானே அர்த்தம்? அதுவரைக்கும் இடமில்லையே என்று தயங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தைரியமாகக் கிளம்பிவிட்டார்கள். எதிர்வீட்டுக் கோபிநாத் முதல் ஆளாக ஒரு பெரிய காரை வாங்கிச் சாக்கடை மூடிமேல் ஏற்றி நிறுத்தினார். தீயணைப்புக்காரரே அளந்து கொடுத்த இடம், யார் கேட்க முடியும் என்றார். ஒரு வருஷத்தில் நாலு, மூன்று வருஷத்தில் ஏழு, அப்புறம் பதினொன்று. வீட்டு புரோக்கர்கூட, சாயக்காரர் வீதியில் வீடு காலி, கார் பார்க்கிங் வசதி உண்டு என்று சொல்லி ஆள் பிடித்தாராம். கேட்டீர்களா கதையை! பலராமன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் எந்தக் காரும் கோட்டைத் தாண்டவில்லை. வண்டி போக எட்டரை அடி இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

அந்த வீதியில் கார் வாங்காத வீடுகளில் பதினாலாம் நம்பர் மாடி வீடும் ஒன்று. மாடியில் தெரேஸ் அம்மாள் தனியாக இருந்தார், கீழே வாடகைக்குக் குடியிருந்தவர்கள் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருந்தார்கள். புருஷன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். முத்தியால்பேட்டையில் இன்னும் அந்த வீட்டைச் சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சு சிப்பாய் வீடு என்றுதான் சொல்வார்கள். அவர் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. ஒரே மகன் அலெக்சி பிரான்சில் குடும்பத்தோடு இருக்கிறான். அம்மாவையும் கூப்பிட்டுப் பார்த்தான். அந்தக் குளிரில் வந்து நான் என்ன பண்ணப் போறேன் என்று அவர் மறுத்துவிட்டார். இரண்டு முட்டியிலும் ஆபரேஷன். மாடிப்படி இறங்கவேண்டுமானால் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடப்பார், அவ்வளவுதான். தனியாக இருக்கிறாரே என்று மகன் முன்பக்க வராந்தா முழுக்க இரும்புக் கம்பி போட்டுப் பூட்டு மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

பலராமன் தெரேஸ் அம்மாளைப் பிரெஞ்சுப் பாணியில் மதாம் என்றுதான் கூப்பிடுவார். மருந்து வாங்கிக் கொடுப்பது, காஸ் சிலிண்டரை மாற்றிவிடுவது எல்லாம் பலராமன்தான். ஒருமுறை மதாம் காய்ச்சலில் கிடந்தபோது அன்னக்கிளி நாலு நாள் அங்கேயே இருந்து பார்த்துக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு மாடியிலிருந்து கேக் இறங்கிவரும், பொங்கலுக்கு இங்கிருந்து பானை ஏறிப்போகும். அக்கம்பக்கத்தில் சொந்தம் மாதிரி என்று சொல்வார்களே, அப்படி.

இனிமேல்தான் பலராமன் யாரிடமும் சொல்லாத சங்கதி வருகிறது. ஒரு வருஷம் ஏழு மாதத்துக்கு முன்னால் நிலையத்துக்குப் புது வண்டி வந்தது. தண்ணீர் அதிகம் கொள்ளும், பம்ப் புதுசு, ஏணி நீளம். பலராமனுக்குப் பெருமை தாங்கவில்லை. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, முதல் வேலையாக டேப்பைப் பிடித்து அகலத்தை அளந்தார். கண்ணாடியோடு சேர்த்து எட்டே முக்கால் அடி. இன்னொருமுறை அளந்தார். எட்டே முக்கால்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து தான் போட்ட கோட்டின் மேல் வெகுநேரம் நின்றார். எட்டரை அடியில் எட்டே முக்கால் போகாது. மூன்று அங்குலம் குறைகிறது. கோட்டைத் தள்ளிப் போடலாம் என்றால், தள்ளிப்போட்ட இடத்துக்குள் எந்தக் காரும் அடங்காது. அதாவது சாயக்காரர் வீதியில் இனிமேல் ஒரு காரும் நிற்க முடியாது. அதைப் பதினொரு வீட்டிலும் போய்ச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் தன் வீட்டில் சொல்ல வேண்டும். இடுப்பு வலிக்காரியிடம் போய், காரை விற்றுவிடலாம் என்று எப்படிச் சொல்வது? பொங்கல் போகட்டும் என்று நினைத்தார். பொங்கல் போயிற்று. விக்ரமுக்கு வேலை கிடைக்கட்டும் என்று நினைத்தார். அவனுக்கும் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். பிறகு அதைப் பற்றி நினைக்காமலே இருக்கப் பழகிவிட்டார். மூன்று அங்குலம்தானே, அவசரம் என்றால் உரசிக்கொண்டு போய்விடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஊர் வீதியெல்லாம் அளந்துவைத்திருந்த மனிதர் தன் வீதியை மட்டும் அளக்காமல் விட்டார்.

அது ஒரு சனிக்கிழமை, பகல் பதினொன்றரை மணி தாண்டி. நிலைய அதிகாரி புருஷோத்தமன் போனை வைத்துவிட்டு வேகமாக வெளியே வந்தார்.

“முத்தியால்பேட்டை, சாயக்காரர் வீதி, பதினாலாம் நம்பர். கீழ மாடிப்படிக்கு அடியில எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜ்ல வெடிச்சிருக்குது. மேல ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்களாம்.”

பலராமன் ஓடிப்போய் வண்டியில் ஏறினார். மதாமுக்குப் படி ஒன்றுதான் வழி, அந்தப் படிக்கு அடியில் நெருப்பு. பதினொன்று முப்பத்தொன்பதுக்கு வண்டி வெளியே வந்தது. சாதாரணமாக நாலு நிமிஷம் போதும். சனிக்கிழமை! சாலை முழுக்கக் காராக நின்றது. கூரைமேல் பெட்டி கட்டிய கார், கடலுக்கு எந்தப் பக்கம் என்று ஜன்னலை இறக்கி வழி கேட்கிற கார், திரும்ப இடம் கிடைக்காமல் குறுக்கே நிற்கிற கார். பாதிக்கு மேல் நம்மூர் வண்டிதான். சைரன் காதைக் கிழிக்கிறது, நகர ஆளில்லை. முகிலன் கீழே குதித்து முன்னால் ஓடி, கண்ணாடியைத் தட்டித் தட்டி ஒவ்வொரு காராக ஒதுக்கினார். நாலு நிமிஷத் தூரம் பதினோரு நிமிஷம் ஆயிற்று. பதினொன்று ஐம்பதுக்குச் சாயக்காரர் வீதி முனையில் வண்டியைத் திருப்பினார். தூரத்தில் பதினாலாம் நம்பர் மாடியிலிருந்து கரும்புகை குபுகுபுவென்று வருவது தெரிந்தது.

முனையிலேயே முதல் காராக, சாம்பல் நிற உறை போர்த்தி ஒன்று நின்றது. பழக்கதோஷத்தில் பலராமன் வாய் திட்ட ஆரம்பித்துவிட்டது. எந்தப் பாவி நிறுத்தினான், அவன் குடும்பம் விளங்குமா என்று முழுசாகத் திட்டி முடித்த பிறகுதான் அது யாருடைய கார் என்று கண் சொல்லிற்று. அவருடையதுதான். கோட்டுக்குள் ஒரு அங்குலம் பிசகாமல் அவரே நிறுத்திய கார். ஒரு கணம் எந்த கியர் எங்கே இருக்கிறது என்றே மறந்துவிட்டது.

“அண்ணே, இது உங்க வண்டிதானே. சாவி எங்க?” என்றார் முகிலன்.

சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்குகிறது. வீடு பூட்டியிருக்கிறது. அன்னக்கிளி லாஸ்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். காரில்லாமல் ஆட்டோவில்தான் போயிருக்கிறாள். ஏன் தெரியுமா? சனிக்கிழமையில் காரை எடுத்தால் திரும்பி வரும்போது இடம் போய்விடும். இடம் போகக் கூடாது என்பதற்காக, இடுப்பு வலிக்காக வாங்கிய காரை விட்டுவிட்டு, இடுப்பு வலியோடு ஆட்டோவில் போயிருக்கிறாள். அந்த வீதியில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். அதனால்தான் பதினொரு காரும் அன்றைக்கு அங்கேயே நின்றன. பலராமனின் வீட்டுச் சாவியோ நிலையத்தில், கழற்றிப் போட்ட சட்டைப் பையில்.

கண்ணாடியை உடைத்துப் பிரேக்கை விடுவித்துத் தள்ளலாம் என்றார் முகிலன். அதற்கு நேரமில்லை என்று பலராமன் நினைத்தார். இடித்துத் தள்ளிவிடலாம், என் கார்தானே, போனால் போகட்டும். வண்டியை முன்னால் விட்டார். இரும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. கார் ஓரமாக ஒதுங்கும் என்று பார்த்தால், பூட்டிய சக்கரத்தோடு அப்படியே வழுக்கி, பின்பக்கம் வீதிக்குக் குறுக்கே திரும்பி, கோபிநாத்தின் பெரிய காரில் முட்டி, இரண்டும் மின்கம்பத்தோடு சேர்ந்து இறுகிக்கொண்டன. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி வீதி அடைத்துக்கொண்டது. இனி வண்டி உள்ளே போகவே முடியாது. உள்ளே நூற்றைம்பது அடியில் மதாம்.

ஆட்கள் ஏணியையும் கம்பி வெட்டும் கருவியையும் தூக்கிக்கொண்டு கார்களின் மேல் ஏறிக் குதித்து ஓடினார்கள். தண்ணீர்க் குழாயை ஒன்றோடு ஒன்று பூட்டிப் பூட்டி இழுக்க வேண்டியிருந்தது. குழாய் கார் சக்கரங்களில் சிக்கியது, உறைகளில் மாட்டியது, ஒரு பூட்டு கழன்று தண்ணீர் வீதியிலேயே கொட்டிற்று. வண்டி வாசலுக்குப் போயிருந்தால் ஒரு நிமிஷத்தில் படியில் தண்ணீர் அடித்திருக்கலாம். பலராமன் பம்பை ஓட்டிவிட்டு, சைரனை நிறுத்தக்கூடத் தோன்றாமல், தானும் ஓடினார். அது பாட்டுக்கு முனையில் அலறிக்கொண்டே இருந்தது. வீதிக்காரர்கள் அண்டாவிலும் குடத்திலும் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பேட்டரி நெருப்பு அதற்கெல்லாம் அடங்குமா?

நெருப்பு தணிந்து, கம்பியை வெட்டி, அவர்கள் மாடிக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு மூன்று. முதலில் போனது முகிலன், பின்னாலேயே பலராமன். புகையில் ஒன்றும் தெரியவில்லை. விளக்கை அடித்துப் பார்த்தார்கள். மதாம் கூடத்தில், படிக்கதவைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு தீக்காயம் இல்லை. காலில் செருப்பு மாட்டியிருந்தது. மடியில் வெளியே போகும்போது எடுத்துப்போகிற கைப்பை. யாரோ வந்து கூட்டிப்போகக் காத்திருக்கிற மாதிரி இருந்தார். மூச்சு இல்லை. ஆஸ்பத்திரியிலும் புகைதான் காரணம் என்று சொல்லிவிட்டார்கள்.

பலராமனை அடியோடு உலுக்கியது வேறொன்று. கூடத்தை அடுத்து அடுக்களை, அடுக்களையின் பின்கதவைத் திறந்தால் சின்ன மொட்டைமாடி. நாற்காலியிலிருந்து பன்னிரண்டு அடிதான். மகா ஆச்சரியம், அந்தக் கதவின் மேல்தாழ்ப்பாள் திறந்தே இருந்தது, கீழ்த்தாழ்ப்பாள் மட்டும்தான் பாக்கி. யார் திறந்தது? மதாமாகத்தான் இருக்க வேண்டும். அங்கே போயிருந்தால் நல்ல காற்று. அந்த மொட்டைமாடியில் கொஞ்சம்கூடப் புகை இல்லை. அவ்வளவு தூரம் நடந்து போய் ஒரு தாழ்ப்பாளையும் திறந்தவர், ஏன் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்? சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு பலராமன் இதையே கேட்டார். அன்னக்கிளி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கொடுமை. சொந்தக் காரையே இடித்து நொறுக்கிவிட்டுப் போனாரே, எவன் செய்வான் என்று வீதியே அவரைப் புகழ்ந்தது. தன் காரும் நசுங்கியதைப் பற்றிக் கோபிநாத் மூச்சே விடவில்லை. டூரிஸ்ட் கார்கள்தான் எல்லாவற்றுக்கும் காரணம், பேட்டரி கம்பெனிக்காரனைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பலராமன் வெளியே வந்து பார்த்தால் வீதியில் ஒரு கார் இல்லை. பரவாயில்லையே, மனுஷர்களுக்கு உறைத்துவிட்டது என்று நினைத்தார். பால் வாங்கப் பக்கத்து வீதிக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். எல்லாக் காரும் அங்கே வரிசையாக நின்றன. அந்த வீதி பன்னிரண்டு அடிதான்.

அறிக்கை எழுத உட்கார்ந்த புருஷோத்தமன், தாமதத்துக்குக் காரணம் மெயின் ரோடு நெரிசல் என்று எழுதிக்கொள்கிறேன் என்றார். அது பொய்யும் இல்லை. முனையில் நின்றது என் கார், மூன்று அங்குலம் குறைகிறது என்று எனக்கு ஒன்றரை வருஷமாகத் தெரியும் என்று பலராமன் சொன்னார். அதிகாரி பேனாவை மூடிவைத்தார். பிறகு, இரண்டு நாள் லீவு போட்டு வீட்டில் இருங்கள், மனசு சரியில்லாதபோது எதையும் பேச வேண்டாம் என்று அனுப்பிவைத்தார்.

திங்கட்கிழமை அலெக்சி வந்து சேர்ந்தான். செவ்வாய்க்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து அடக்கம் ஆயிற்று. அன்று சாயங்காலம் அவன் பலராமன் வீட்டுக்கு வந்தான். நாற்பது வயதுக்காரன், கறுப்புச் சட்டையில், அழுது வீங்கிய கண்ணோடு. உட்காரச் சொல்லும் முன்னாலேயே பலராமனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். வீதியில் எல்லாரும் சொன்னார்கள், நீங்கள் உயிரைக் கொடுத்துப் பார்த்தீர்களாம், அம்மா மேல் எனக்கிருந்த பொறுப்பை இத்தனை வருஷமாக நீங்கள்தான் சுமந்தீர்கள் என்று சொன்னான். அலெக்சி கையை விடாமலே பேசினான்.

“அம்மா என்கிட்டதான் போன்ல இருந்தாங்க அண்ணே. பொகை வருதுன்னாங்க. பின்கதவைத் திறந்துகிட்டு மொட்டைமாடிக்குப் போயிடும்மான்னேன். சுவத்தைப் புடிச்சிக்கிட்டுப் போனாங்க. மேல்தாப்பா திறந்துட்டேன், கீழ்த்தாப்பாளுக்குக் குனியணும், முட்டி மடங்க மாட்டேங்குதுன்னாங்க. எப்படியாவது குனிம்மான்னு கத்துனேன். அப்பதான் உங்க சைரன் கேட்டுச்சு. எனக்கே போன்ல கேட்டுச்சு. பலராமன் வந்துட்டான், இனிமே பயமில்ல, செருப்பு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், நீ வைன்னு சொல்லி வச்சிட்டாங்க. பயமில்லாமத்தான் போயிருக்காங்க. அதுக்காகத்தான் உங்களைப் பாக்க வந்தேன்.”

பலராமன் நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்தார். மூன்று நாளாகத் தின்னாமல் உறங்காமல் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. காபி கொண்டுவந்த அன்னக்கிளி அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்து, சொல்ல வேண்டாம் என்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் சொன்னார்.

“சத்தம் கேட்டப்ப மணி பதினொண்ணு அம்பது தம்பி. நான் மேல வந்தது பன்னெண்டு மூணு. நடுவுல முனையிலதான் நின்னேன். உள்ள வர முடியல. மறிச்சிக்கிட்டு நின்னது என் கார். வண்டி போகாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும், நான் யாருக்கும் சொல்லல.”

அலெக்சி பிடித்திருந்த கை தளர்ந்தது. முதலில் அவனுக்கு ஒன்றும் புரியாத மாதிரிதான் இருந்தது. பதினொன்று ஐம்பது, பன்னிரண்டு மூன்று என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, அம்மா கடைசியாகப் பேசி வைத்த நேரத்தைத் தேடிப் பார்த்தான். பதினொன்று ஐம்பது என்றே இருந்தது. திட்டுவான், அடிப்பான் என்று பலராமன் எதிர்பார்த்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவன் குரலை உயர்த்தவில்லை.

“வர முடியலன்னா அந்தச் சத்தத்தையாவது நிறுத்தியிருக்கலாமே அண்ணே” என்றான்.

போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, காபியைக் குடிக்காமலே வெளியே போனான்.